எழுத்து இருக்கிறது, படம் எங்கே? வாடகை சர்வரில் ஒரு தமிழ் வலைப்பதிவு

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கே போன் அடித்தது. பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். "தம்பி, எழுத்தெல்லாம் அப்படியே இருக்குது. படம்தான் ஒண்ணுகூடத் தெரியல" என்றார். ராத்திரி முழுக்க ஒவ்வொரு பதிவாகத் திறந்து பார்த்திருக்கிறார். குரலிலேயே தெரிந்தது.

அவர் எடுப்பது நடுகல் படங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எந்தப் பக்கம் போனாலும் நடுகல் உண்டு. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவன், புலியோடு மோதி மாண்டவன் என்று யார் யாருக்கோ ஊரார் எடுத்த கற்கள் இன்றைக்கு வரப்போரத்திலும் புளியமரத்தடியிலும் நிற்கின்றன. பல ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். சில கற்களை இரண்டு மாவட்ட அருங்காட்சியகங்களுக்கும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மற்றவை வெயிலிலும் மழையிலும்தான். சார் தன் வண்டியில் போய், கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்து படம் எடுப்பார். தேய்ந்த வட்டெழுத்து கண்ணுக்குப் பிடிபடுவது பக்கவாட்டில் விழும் அந்த வெளிச்சத்தில்தான். அப்படி எடுத்த 214 படங்கள் ஒரே இரவில் வெள்ளைக் கட்டங்களாகிவிட்டன.

அந்த வலைப்பதிவைப் பழைய ஹோஸ்டிங்கிலிருந்து (தளம் வைக்க வாடகைக்கு எடுத்திருந்த இடம்) கிளவுட் சேவை, அதாவது இணையம் வழியாகச் சர்வரை வாடகைக்கு விடும் சேவை, ஒன்றுக்கு மாற்றிக் கொடுத்தவன் நான். சேவை நடத்திய நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்; அவர்கள் சொன்னபடிதான் அவர்கள் இயந்திரம் நடந்துகொண்டது. நான்தான் ஒரு விஷயத்தைச் சரியாக யோசிக்காமல் விட்டேன். அந்த ஒரு விஷயம் புரிந்தால் கிளவுடில் வலைப்பதிவு வைப்பதில் முக்கால்வாசி புரிந்த மாதிரி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று பொருள், மூன்று இடம்

வலைப்பதிவு ஒன்றைப் பார்க்கிறவருக்கு அது ஒரே பக்கம். உள்ளே போய்ப் பார்த்தால் மூன்று தனித்தனிப் பொருள்கள். முதலாவது நிரல்: வேர்ட்பிரஸ், கோஸ்ட் மாதிரியான மென்பொருளும் அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமும். இது எல்லோருக்கும் பொது. தொலைந்தாலும் கவலையில்லை, பத்து நிமிடத்தில் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். இரண்டாவது டேட்டாபேஸ்: தலைப்பு, கட்டுரை, தேதி, வாசகர் கருத்து எல்லாம் இதில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும். மூன்றாவது நாம் ஏற்றிய கோப்புகள்: படம், ஒலி, பிடிஎஃப். வேர்ட்பிரஸ் படத்தை டேட்டாபேஸுக்குள் வைப்பதில்லை. அதை ஒரு சாதாரண கோப்புறையில் போட்டுவிட்டு, டேட்டாபேஸில் அதன் முகவரியை மட்டும் எழுதி வைக்கும். கட்டுரைக்குள் இருப்பது படத்தின் இருப்பிடம் சொல்லும் ஒரு வரி, அவ்வளவுதான்.

இப்போது சாருடைய வெள்ளைக் கட்டங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. டேட்டாபேஸ் தனியான இடத்தில் பத்திரமாக இருந்தது, எழுத்து தப்பியது. முகவரி இருந்தது, அந்த முகவரியில் வீடு இல்லை.

ஏன் இல்லை என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும், பி2 என்ற பழைய மென்பொருளை எடுத்து வளர்த்து, வேர்ட்பிரஸை முதன்முதலில் வெளியிட்டது 2003 மே 27-இல். அன்றைக்கு ஒரு இணையதளம் என்றால் ஒரு சர்வர், அதில் ஒரு வட்டு. நிரல், டேட்டாபேஸ், படம் மூன்றும் அதே பெட்டிக்குள் இருக்கும். பெட்டி என்றைக்கும் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட மென்பொருள் அது. படத்தைப் பக்கத்துக் கோப்புறையில் போடுவது அந்தக் காலத்துக்கு முழுக்கச் சரியான முடிவு.

அப்புறம் கிளவுட் வந்தது. அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்பு சேவையையும், அதே ஆண்டு ஆகஸ்டில் சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இசி2 சேவையையும் தொடங்கியது. 2007-இல் ஹெரோகு என்ற நிறுவனம் வந்தது. அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: சர்வர் என்ற பேச்சே வேண்டாம், உன் நிரலை மட்டும் கொடு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கேட்பதற்கு எவ்வளவு வசதி! ஆனால் அந்த வசதிக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. உன் நிரல் ஓடும் இயந்திரம் எந்த நேரமும் தூக்கிப் போடப்படலாம், அதே மாதிரி இன்னொன்று அதன் இடத்தில் வைக்கப்படலாம். ஆகவே அந்த இயந்திரத்தின் வட்டில் எதையும் நம்பி வைக்காதே. ஹெரோகு தன் ஆவணங்களில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: ஒவ்வொரு கூடும் (நிரல் ஓடும் அந்தத் தற்காலிக இயந்திரத்தை இனி இப்படிச் சொல்கிறேன்) ஒரு நாளைக்கு ஒரு முறையாவது மறுபடி தொடங்கப்படும், அப்போது அதில் எழுதிய கோப்புகள் போய்விடும்.

இதில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. இயந்திரத்தில் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்றால், கெட்டுப்போனதை உடனே மாற்றலாம். கூட்டம் வந்தால் ஒன்றை நான்காக்கலாம், போனதும் திரும்ப ஒன்றாக்கலாம். நான்கு கூடுகள் ஓடும்போது சார் ஏற்றிய படம் ஒன்றில் மட்டும் இருந்தால், மற்ற மூன்றுக்கும் போகும் வாசகர்களுக்குப் படம் தெரியாது. அதனால்தான் அந்த வட்டு தற்காலிகமானது என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறார்கள்.

பெட்டி என்றைக்கும் இருக்கும் என்று நம்பும் 2003-இன் மென்பொருளை, பெட்டி எப்போது வேண்டுமானாலும் போய்விடும் என்று சொல்லும் இடத்தில் நான் கொண்டுபோய் வைத்தேன். நான் எடுத்த சேவை ஹெரோகு மாதிரி தினமும் கூட்டை மாற்றுவதில்லை என்பதால் மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு இரவு பத்து மணிக்குத் தலைப்பெழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கி மறுபடி டெப்ளாய் செய்தேன், அதாவது மாற்றிய நிரலைக் கிளவுடில் ஏற்றினேன். புதுக் கூடு வந்தது, பழைய கூடு போனது, படங்களும் கூடவே போயின. திரையில் பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் தூங்கப் போனேன்.

லாட்ஜ் அறையா, வாடகை வீடா?

கிளவுட் என்று ஒரே பெயரில் விற்கப்படுவது இரண்டு வேறு சரக்கு. மேலே சொன்ன வகை லாட்ஜ் அறை. தண்ணீர், மின்சாரம், படுக்கை விரிப்பு எல்லாம் அவர்கள் பாடு. ஆனால் அறையைத் துடைக்க வருகிறவர் மேஜைமேல் இருப்பதை எடுத்துப்போய்விடுவார். இரண்டாவது வகை காலி வாடகை வீடு: ஒரு லினக்ஸ் இயந்திரமும் அதன் சாவியும் கையில் கொடுத்துவிடுவார்கள். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும். பூட்டு மாற்றுவது, ஒழுகினால் அடைப்பது, பல்பு போடுவது எல்லாம் நம் வேலை. பேச்சு வழக்கில் இதைத்தான் விபிஎஸ் என்கிறோம்.

லாட்ஜ் வகையில் வேர்ட்பிரஸ் வைக்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வைக்கலாம். படங்களை மட்டும் எஸ்3 போன்ற ஒரு கோப்புக் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்கென்று செருகுநிரல்கள் (பிளகின்) இருக்கின்றன. கட்டுரையில் படம் சேர்த்ததும் அது நேரே கிடங்குக்குப் போய்விடும், டேட்டாபேஸில் கிடங்கின் முகவரி பதிவாகும். சில நிறுவனங்கள் கூட்டோடு ஒரு நிரந்தர வட்டையும் இணைத்துக்கொள்ள விடுகின்றன, அதற்குத் தனிக் காசு. கோஸ்ட்டுக்கும் இதே கணக்குதான். 2013-இல் மக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய அந்த மென்பொருளும் வழக்கமான அமைப்பில் படங்களைத் தன் பக்கத்து வட்டில்தான் போடும்.

எங்கள் ஊர்ப் பக்கம் தனியாக எழுதுகிறவர்களுக்கும், பள்ளி, கோவில், விவசாயிகள் குழு என்று சிறிய அளவில் தளம் நடத்துகிறவர்களுக்கும் விபிஎஸ்ஸே பொருந்தும் என்பது என் முடிவு. மாங்காய் சீசனில் மட்டும் கூட்டம் வரும் கிருஷ்ணகிரி பழக்கூழ் ஆலைத் தளத்துக்குக்கூட நான்கு கூடுகள் தேவைப்படாது. எது எங்கே இருக்கிறது என்று ஒரே இடத்தில் கண்ணால் பார்க்க முடிவது பெரிய நிம்மதி. லினக்ஸ் கட்டளைகள் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி யாரும் இல்லை என்றால் மாதம் கொஞ்சம் கூடக் கொடுத்து, வேர்ட்பிரஸுக்கென்றே நடத்தப்படும் பராமரிப்பு ஹோஸ்டிங்கில் வைப்பது மேல்.

விபிஎஸ்ஸில் ஒரு பக்கம் திறக்கும்போது நடப்பது இதுதான். வாசகர் முகவரியைத் தட்டியதும் இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ் அதை ஒரு ஐபி எண்ணாக மாற்றித் தருகிறது. அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கும் எஞ்சின்எக்ஸ் போன்ற வாயில்காவலன் கோரிக்கையை வாங்கி, படமாக இருந்தால் தானே எடுத்துக் கொடுக்கிறான். கட்டுரையாக இருந்தால் வேர்ட்பிரஸ் நிரலை ஓட்டும் பிஎச்பிக்குத் தள்ளுகிறான். பிஎச்பி, டேட்டாபேஸைக் கவனிக்கும் மைஎஸ்க்யூஎல்லைக் கேட்டுப் பக்கத்தைச் சமைத்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு வாசகருக்கும் இந்தச் சமையல் புதிதாக நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

சர்வர் எந்த ஊரில்?

இணையத்தைச் சுமந்து வரும் கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 1,000 கிலோமீட்டருக்குப் போய்த் திரும்ப 10 மில்லி நொடி. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குச் சுமார் 14,000 கிலோமீட்டர், ஆகவே ஒரு முறை போய்வரக் குறைந்தது 140 மில்லி நொடி. நடைமுறையில் 200-ஐத் தாண்டும். ஒரு பக்கம் திறப்பதற்கு முன் இணைப்பு பிடிக்க, முகவரிப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் வருவதற்கான பாதுகாப்புச் சான்றிதழ் சரிபார்க்க, கோரிக்கை அனுப்ப என்று மூன்று நான்கு முறை போய்வர வேண்டியிருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு நொடி, எழுத்து ஒன்றும் தெரிவதற்கு முன்னாலேயே போய்விடுகிறது. பாலக்கோட்டில் ஒரு கோடு சிக்னலில் படிக்கிறவருக்கு அது பெரிது.

இதற்காக இப்போது தொலைவு போக வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் 2015-இல் சென்னை, புனே, மும்பை மூன்று இடங்களிலும் தரவு மையம் திறந்தது. அமேசானின் மும்பை மையமும் டிஜிட்டல்ஓஷனின் பெங்களூரு மையமும் 2016-இல் வந்தன. ஓசூரிலிருந்து பெங்களூரு எட்டிப்பிடிக்கும் தூரம். கம்பி நாம் போகும் நெடுஞ்சாலை வழியாகவே போகும் என்று சொல்ல முடியாது, சென்னை சுற்றிக்கூடப் போகலாம். அப்படியும் சில பத்து மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். சர்வரை உருவாக்கும்போது ஊரைக் கேட்கும் கட்டத்தில் தானாக இருப்பதை அப்படியே விட்டுவிடாமல் பாருங்கள். பின்னால் மாற்றுவது என்றால் வீடு மாற்றுவது மாதிரிதான்.

தமிழுக்கென்றே வரும் சங்கடங்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் பார்த்து நிறுவுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூனிகோடு தமிழ் எழுத்து ஒவ்வொன்றும், கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில், 3 பைட் எடுக்கும். 'கல்' என்று நாம் பார்ப்பது கணினிக்கு க, ல, புள்ளி என்று மூன்று குறி, மொத்தம் 9 பைட். இது கட்டுரைக்குள் இருக்கும்வரை தொல்லை இல்லை. முகவரிக்கு வரும்போதுதான் சிக்கல். இணைய முகவரியில் தமிழ் எழுத்து நேரடியாகப் போகாது. ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். அதாவது ஒரு தமிழ்க் குறிக்கு 9 எழுத்து இடம். வேர்ட்பிரஸ் பதிவின் முகவரிப் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. 200-ஐ 9-ஆல் வகுத்தால் 22. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் சேர்த்து 22 குறிக்கு மேல் தமிழ்த் தலைப்பு தாங்காது.

சார் ஒரு பதிவுக்கு 'பென்னாகரம் வட்டத்தில் கண்ட நடுகற்கள்' என்று தலைப்பு வைத்தார். 'பென்னாகரம்' 10 குறி, 'வட்டத்தில்' 10 குறி, நடுவில் சிறு கோடுகள். மூன்றாவது சொல்லில் 'கண' என்று வந்ததும் 200 நிறைந்துவிட்டது. 'நடுகற்கள்' என்ற சொல் முகவரியில் இல்லவே இல்லை. அடுத்த மாதம் அதே வட்டத்தில் கண்ட வேறொன்றைப் பற்றி அதே மாதிரித் தலைப்பில் எழுதினார். முகவரி அதே இடத்தில் மோதி, பின்னால் ஒரு எண் ஒட்டிக்கொண்டது. இரண்டையும் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளால் ஆன முழ நீளக் கயிறு போகிறது. பார்க்கிறவர் ஏதோ வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார். எங்கள் பக்கத்தில் படிப்பவர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகத்தான் வருகிறார்கள் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. தலைப்பு தமிழில் எவ்வளவு நீளமாகவும் இருக்கட்டும். முகவரிப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில், இரண்டு மூன்று சொல்லில், கையால் எழுதிவிடுங்கள். முதல் பதிவிலிருந்தே இப்படிச் செய்ய வேண்டும். ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய முகவரியை நடுவில் மாற்றினால், பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் செய்ய வேண்டிவரும்.

அடுத்தது டேட்டாபேஸின் எழுத்து முறை. மைஎஸ்க்யூஎல்லில் யுடிஎஃப்8 என்ற பெயரில் பல காலமாக இருந்தது உண்மையில் 3 பைட் வரைக்கும்தான் தாங்கும். தமிழ் அதற்குள் அடங்கும். கைபேசியில் எழுதுகிறவர் இடையில் ஒரு கைகூப்பும் சின்னத்தைப் போட்டால் அது 4 பைட். பழைய அமைப்பில் அந்தப் பதிவு சேமிக்காது, அல்லது அந்த இடத்தோடு வெட்டுப்படும். யுடிஎஃப்8எம்பி4 என்பதுதான் முழுமையானது. வேர்ட்பிரஸ் 2015 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்பிலிருந்து அதற்கு மாறிவிட்டது. 2010 வாக்கில் தொடங்கிய வலைப்பதிவுகளை இன்றைக்குப் புது சர்வருக்கு மாற்றும்போது இதை முதலில் பார்க்க வேண்டும்.

மாற்றும்போது எழுத்து கெட்டுப்போவதிலும் இரண்டு வகை உண்டு. நோயைப் பார்த்தே பிழைக்குமா என்று சொல்லிவிடலாம். தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்தும், வட்டத்துக்குள் எழுத்து போட்ட வணிகக் குறியும் மாறி மாறி வந்தால் பயப்பட வேண்டாம். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, தவறான கண்ணாடி போட்டுப் படிக்கிறோம், திருப்பி எடுக்கலாம். எல்லா இடத்திலும் கேள்விக்குறி கேள்விக்குறியாக வந்தால் எழுத்து அங்கே இல்லை. மாற்றும் நேரத்திலேயே அழிந்துவிட்டது. பழைய பிரதியிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும். இதனால்தான் புது இடத்தில் நாலைந்து பதிவுகளைத் தமிழில் கண்ணால் படித்துப் பார்க்கும்வரை பழைய ஹோஸ்டிங்கை நிறுத்தக்கூடாது. நான் எழுத்தைப் படித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. மாதக் காசு மிச்சம் என்று பழையதை மூன்றாம் நாளே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஆடிப்பெருக்கு அன்று

விபிஎஸ்ஸில் பெரும்பாலானோர் எடுப்பது 1 ஜிபி நினைவகம் உள்ள சிறிய சர்வர். சாதாரண நாளில் அது போதும். ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல் பற்றிய பதிவு ஒன்று நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்தால், ஒரே நேரத்தில் நூறு பேர் வருவார்கள். நூறு பேருக்கும் தனித்தனிச் சமையல். நினைவகம் தீரும்போது லினக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, அதிக இடம் அடைத்திருக்கும் நிரலைப் பார்த்துக் கொன்றுவிடும். அது பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல்லாகத்தான் இருக்கும். வாசகர் திரையில் டேட்டாபேஸோடு இணைக்க முடியவில்லை என்று ஒற்றை வரி வரும். தரவு எல்லாம் போய்விட்டதோ என்று பதற வேண்டியதில்லை, மறுபடி தொடங்கினால் வந்துவிடும்.

வராமல் தடுக்க இரண்டு வழி. வட்டில் 1 அல்லது 2 ஜிபி இடத்தை ஸ்வாப் என்று ஒதுக்கி வைத்தால், நினைவகம் நிரம்பும்போது மூச்சுவிட இடம் கிடைக்கும். அதைவிட முக்கியம் கேஷ்: ஒரு முறை சமைத்த பக்கத்தை எடுத்து வைத்து, அடுத்த தொண்ணூற்றொன்பது பேருக்கும் அதையே பரிமாறுவது. கட்டுரை மாறும்போது மட்டும் புதிதாகச் சமைத்தால் போதும். கேஷ் போட்ட ஒரு சின்ன சர்வர், கேஷ் இல்லாத பெரிய சர்வரைவிடக் கூட்டத்தைத் தாங்கும். காசு கொடுத்துப் பெரிய சர்வருக்குப் போவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

படம் ஏற்றும்போதும் நினைவகம் திணறும். வேர்ட்பிரஸ் ஒரு பெரிய படத்தை வாங்கினால் சிறிதும் பெரிதுமாக அதற்கு ஆறேழு பிரதி செய்து வைக்கும். கைபேசியின் 12 மெகாபிக்சல் படத்தைச் சின்ன சர்வர் பாதியில் கைவிடுவது இதனால்தான். வீட்டிலேயே அகலத்தை 2,000 பிக்சலுக்குக் குறைத்து ஏற்றினால் போதும். முழு அளவுப் படம் நம்மிடமே இருக்கட்டும்.

பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. அது அதிகபட்சம் 90 நாளில் காலாவதியாகும், ஆகவே தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு ஓடுகிறதா என்று ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிப் பொதுவெளியில் போடக் கூடாது. மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இவை எல்லா வழிகாட்டிகளிலும் இருப்பவை என்பதால் இதோடு விடுகிறேன்.

காசும் பெயரும்

சின்ன விபிஎஸ் மாதம் 5 முதல் 7 டாலருக்குள் பல இடங்களில் கிடைக்கிறது. மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. விலையைவிடத் தொல்லை தருவது கட்டும் முறை. ரிசர்வ் வங்கியின் புது விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கார்டில் மாதாமாதம் தானாகக் காசு எடுப்பதற்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். அதற்குத் தயாராகாத வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பல இந்தியக் கார்டுகளிலிருந்து காசு போகாமல் நின்றது. காசு போகவில்லை என்ற மின்னஞ்சல் வேண்டாத அஞ்சல்களுக்குள் விழுந்து கிடக்கும். சில வாரம் கழித்து சர்வர் நிறுத்தப்படும், அப்புறம் அழிக்கப்படும். கணக்கில் முன்கூட்டியே சில மாதத் தொகையைப் போட்டு வைக்க வழியிருந்தால் அதுதான் நல்லது.

இலவச இடத்தை நம்பி இருக்கிறவர்களுக்கும் ஒரு சொல். இலவசமாகத் தளம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஹெரோகுவின் இலவசத் திட்டம் 2022 நவம்பர் 28-இல் நின்றது. தொடங்கிப் பார்க்க, கற்றுக்கொள்ள இலவசம் நல்ல இடம்தான். பத்து வருட உழைப்பை வைக்கும் இடமாக அதை நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

டொமைன், அதாவது உங்கள் தளத்தின் இணையப் பெயர், யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். சர்வர் போனால் வேறு சர்வர் எடுத்து டிஎன்எஸ்ஸில் எண்ணை மாற்றிவிடலாம், வாசகருக்குத் தெரியக்கூடத் தெரியாது. டொமைன் போனால் அந்தப் பெயரில் ஊருக்குள் பரவியிருக்கும் அத்தனை இணைப்பும் போய்விடும். அமைத்துக் கொடுத்த பையன் தன் மின்னஞ்சலில் டொமைனைப் பதிந்துவிட்டு, ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்துப் போய், நம்பரும் மாறிவிட்ட கதையை நான் மூன்று இடங்களில் பார்த்துவிட்டேன். சர்வர் யார் பெயரில் வேண்டுமானாலும் இருக்கட்டும், டொமைன் எழுதுகிறவர் பெயரில், எழுதுகிறவர் மின்னஞ்சலில் இருக்க வேண்டும்.

பிரதி எங்கே?

2021 மார்ச் 10-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் எரிந்துபோனது. பேக்கப் எடுத்து வைத்திருந்தவர்களிலும் சிலருக்கு அது அதே வளாகத்தில் இருந்ததால் இரண்டும் சேர்ந்தே போயின. கிளவுட் நிறுவனம் தரும் பேக்கப் நல்லதுதான், வைத்துக்கொள்ளுங்கள். அது அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிரதி. கணக்கு முடக்கப்பட்டால் அதுவும் சேர்ந்து முடங்கும்.

எழுத்தைப் பத்திரப்படுத்துவது எவ்வளவு எளிது என்று பலருக்குத் தெரிவதில்லை. 1,000 சொல் கொண்ட தமிழ்க் கட்டுரை ஒன்று ஏறக்குறைய 25 கேபி. 500 கட்டுரை எழுதினாலும் 12, 13 எம்பிதான், கைபேசியில் எடுத்த மூன்று படங்களின் அளவு. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் வேர்ட்பிரஸ் பழைய வடிவத்தை ஒரு பிரதி வைத்துக்கொள்வதால் டேட்டாபேஸ் இதைவிடப் பருத்துத்தான் இருக்கும். அப்படியும் சுருக்கினால் மின்னஞ்சலில் அனுப்பலாம். ஒருவருடைய வாழ்நாள் எழுத்து ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கிவிடும். கனமானவை படங்கள்தான், அதனால்தான் அவற்றை எல்லோரும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கிறோம்.

சாருக்கு இப்போது அமைத்திருப்பது இது. பெங்களூருவில் ஒரு சின்ன விபிஎஸ். தினமும் அதிகாலை மூன்று மணிக்கு டேட்டாபேஸின் பிரதியும் படக் கோப்புறையில் புதிதாகச் சேர்ந்தவையும் வேறொரு நிறுவனத்தின் கோப்புக் கிடங்குக்குப் போகின்றன. மாதம் ஒரு ஞாயிறு ஓசூரிலிருந்து மகள் வரும்போது எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்கில் இறக்கிப் பீரோவில் வைக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் போய், அந்த ஹார்டு டிஸ்கில் இருப்பதை வைத்து என் லேப்டாப்பில் தளத்தை முழுசாக எழுப்பிக் காட்டுகிறேன். படங்கள் வருகின்றனவா என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவர் வேலை. திறந்து பார்க்காத பேக்கப்பை நான் இப்போது பேக்கப் என்று எண்ணுவதில்லை.

தொலைந்த 214-இல் 150 படங்கள் மகளுடைய பழைய லேப்டாப்பில் கிடைத்தன. 37 படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில், சுருங்கிய அளவில். மீதி 27-க்கு எங்கேயும் பிரதி இல்லை. இந்த மாசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நானும் வண்டியில் அந்த ஊர்களுக்குத் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறோம். 22 முடிந்துவிட்டது.

போன வாரம் அரூர் பக்கம் ஒரு ஊர். கல் அங்கேயே இருந்தது, மாலை போட்டிருந்தார்கள். ஆனால் திருவிழாவுக்கு அடித்த சுண்ணாம்பு விரல் தடிமனுக்கு ஏறி எழுத்து ஒன்றும் தெரியவில்லை. சார் பூசாரியிடம், "பழைய போட்டோ எதாச்சும் இருக்குமாங்க?" என்று கேட்டார். அவர் உள்ளே போய், நாலைந்து வருடத்துக்கு முன் சார் பிரிண்ட் போட்டுக் கொடுத்த அதே படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு கொண்டுவந்து கொடுத்தார். வாசல் திண்ணையில் வெளிச்சம் பார்த்து வைத்து அதைக் கைபேசியில் எடுத்தோம். மூன்றாவது வரியின் பாதிவரை படிக்க முடிகிறது.